தெருவுக்கு ஒரே முருகன்

எங்கள் தெருவில் கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சித்தி வீட்டுப் படம். சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. வாழ்க்கைப்பட்ட வீடு இந்து வீடு என்பதால் அவள் திருச்செந்தூருக்கு முடி இறக்கப் போவாள். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலுக்குப் போவாள். தெருவில் பாதி வீடுகள் அப்படி, பாதி வீடுகள் இப்படி. ஒரே சாதி, ஒரே கிணறு, ஒரே பட்டினி. இதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் சர்க்காருக்குத்தான்.

வேதக்கார வீட்டு, அதாவது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை யாருக்காவது சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வருவார். அவருடைய சைக்கிள் வாய்க்கால் பாலத்தில் ஏறுவது தெரிந்ததுமே முருகன் சித்தி வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். மாதா படம் டிரங்குப் பெட்டிக்குள் போகும். அதே ஆணியில் முருகன் ஏறிக்கொள்வார். விசாரணை முடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மயில் தோகையில் கால்வாசியைக் கரையான் தின்ற படம் அது. அந்தப் படத்தின் தயவில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் வாத்தியார் ஆனார், ஒருவர் ரயில்வேயில் சேர்ந்தார். மூன்றாவது நான் என்று தெருவே நினைத்திருந்தது.

பொய்தான். இத்தனை வருஷம் கழித்து அதை மெய்யென்று சாதிக்கப் போவதில்லை. ஆனால் எங்களை அந்தப் பொய்க்குத் தள்ளியது எது என்று யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று அரசியல் சட்டம் வந்த அதே வருஷம் ஜனாதிபதியின் பேரில் ஓர் உத்தரவும் வந்தது. தாழ்த்தப்பட்ட சாதியார் என்றால் இந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்றது அது. பிறகு சீக்கியர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏசுவைக் கும்பிட்டால் நீ தாழ்த்தப்பட்டவள் இல்லை. இந்த நல்ல சேதியை எங்கள் ஊர் மேட்டுத்தெரு மேல்சாதிக்காரர்களிடம், இந்துவானாலும் வேதக்காரரானாலும், யாரும் போய்ச் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் கைக்குத் தண்ணீரை உயரத் தூக்கித்தான் ஊற்றினார்கள். கழுத்தில் சிலுவை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருவரும் செம்பைத் தாழ்த்தவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் அப்பாவிடம், "இந்துன்னே எழுதிருதேன், பின்னால பிள்ளைக்கு உதவும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுதினார். கோயில் புத்தகத்தில் எனக்கு ஒரு பெயர், பள்ளிப் புத்தகத்தில் ஒரு பெயர். இரண்டில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் உப்பளத்து வரப்பில் நின்று பார்த்தால் கிரேன்கள் தெரியும். அப்பா அந்த அளத்தில்தான் உப்பு வாரினார். வெள்ளை உப்பின் மேல் வெயில் அடித்து அடித்துக் கண் மங்கி, ஐம்பது வயதுக்குள் சுவரைத் தடவி நடக்கும்படி ஆகிவிட்டது. அதன் பிறகு அம்மா போனாள். உப்புத் தண்ணீர் அவள் பாதத்தை அரித்துப் புண்ணாக்கியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு போவாள். என்னை ஒருநாள்கூட அங்கே கூட்டிப் போனதில்லை. "அந்த வெள்ளைய நீ பாக்கவே கூடாதுளா, கண்ணு போயிரும்" என்பாள். அந்த வருஷம் கங்காணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தக் காலோடு இனி வர வேண்டாம், மகளை அனுப்பு, இல்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறேன்.

நான் டவுனில் டைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்டிடியூட் மாஸ்டர் வேகத்துக்காக அரசியல் சட்டத்தின் முகவுரையை அடிக்கக் கொடுப்பார். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று இங்கிலீஷில் நீள நீளமான வார்த்தைகள். சுண்டுவிரலுக்கு நல்ல பயிற்சி என்பார். அர்த்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்து முடித்துத் தாளை உருவியபோது, இது என்னை வைத்துத்தான் எழுதியிருக்கிறது என்று தோன்றிவிட்டது. தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். அப்படி நம்பிய அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது, கோபமும் வருகிறது.

துறைமுகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். சாதிச் சான்றிதழ் அசலைக் கையோடு கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாதவள், அதன் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். துறைமுகம் அல்லது அளம். வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

மனுப் போட்ட நாலாம் நாள் முற்பகலில் ஆர்.ஐ. வந்தார். சித்தி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குங்குமச் சிமிழ், திருநீற்றுத் தட்டு, ஒரு முழம் பூ எல்லாம் கொண்டுவந்தாள். "யக்கா, பாத்து மாட்டு, கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு. முருகனுக்கு இந்த அலைச்சல் எல்லாம் புடிக்காது" என்றாள். அம்மா மாதா படத்தைச் சேலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடும் தாயே" என்று அதனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஏளா, படம் நேரா தொங்குதா?" என்று மூன்று தடவை கேட்டார். நான் அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசினேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு நானும் சித்தியும் வாசலில் போய் நின்றோம். ஆர்.ஐ. இரண்டு வீடு தள்ளி சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், முகத்தில் சிரிப்பு இருந்தது. குலதெய்வம் எது என்று கேட்டார். சுடலைமாடன் என்று அம்மா தடுமாறாமல் சொன்னாள். கொடைத் திருவிழா எந்த மாதம் என்று கேட்டார். அதையும் சொன்னாள். இதெல்லாம் ஒப்பித்து வைத்திருந்தது. அவர் எழுதிக்கொண்டே படத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"இந்த மயில எங்கயோ பாத்திருக்கேனே" என்றார்.

அவர் சிரித்தார். "சரி விடுங்க, முருகன் எல்லா எடத்துலயும்தான் இருக்காரு." தாண்டிவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அவருடைய பார்வை படத்துக்குக் கீழே இறங்கியது. நானும் அப்போதுதான் பார்த்தேன்.

சித்தி கொண்டுவந்த சாமான்களில் விளக்கு இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டாள். நாங்கள் வாசலில் நின்ற அந்த நேரத்தில், சாமி படத்துக்கு முன்னால் இப்படி இருட்டாக இருக்கிறதே என்று அம்மாவுக்குப் பட்டிருக்கிறது. மாடக்குழியிலிருந்து ஒரு துண்டு மெழுகுதிரியை எடுத்து, இரண்டு சொட்டு உருக்கிப் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் விட்டு, அதன் மேல் திரியை நிறுத்திக் கொளுத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்து தினமும் செய்கிற காரியம், கை தானாகச் செய்திருக்கிறது. முருகனுக்கு முன்னால் மெழுகுதிரி அழகாக, ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார் ஆர்.ஐ., "முருகனுக்கு எந்த ஊர்ல மெழுகுதிரி ஏத்துதாங்க?"

எண்ணெய் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"மறந்துட்டேன்யா" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். "நான் கண்ண மூடிக்கிட்டு எழுதிருவேன்மா. ஆனா காலம் சரியில்ல. மேல ஒருத்தர் ஒரு மொட்டைக் கடுதாசியத் தூக்கிப் போட்டார்னா என் வேலை போயிரும்." எழுந்து போய்விட்டார். போகும்போது எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சித்தி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. அம்மா அசையாமல் நின்றாள். மெழுகுதிரியை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, நான்தான் ஊதி அணைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "நான் கொளுத்துன திரி, எம் மக வாழ்க்கைய எரிச்சிட்டு" என்று அடுப்படியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். இரண்டு நாள் அவளோடு நான் பேசவே இல்லை.

மூன்றாம் நாள் தனியாகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். எந்தத் தாலுகா என்று சொல்லப் போவதில்லை. அந்த நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். எமர்ஜென்சி காலம் என்பதால் எல்லாரும் மணியடித்த மாதிரி சீட்டில் இருந்தார்கள். முன்பெல்லாம் 'இல்லை' என்ற பதிலுக்கே நாலு நாள் நடக்க வேண்டும். இப்போது சரியாகப் பத்து மணிக்கு 'இல்லை' என்றார்கள்.

தாசில்தார் மரியாதையாகத்தான் பேசினார். "உனக்குப் பிற்படுத்தப்பட்டவங்கன்னு சர்டிபிகேட் இப்பவே தாரேன். மதம் மாறுனவங்களுக்கு நம்ம மாநில சர்க்கார்ல அந்தச் சலுகை உண்டு."

"துறைமுகம் டெல்லி சர்க்கார் ஐயா. அங்க அது செல்லாது."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? உங்க மதத்துல சாதி கெடையாது. எல்லாரும் சமம். சாதியே இல்லாத எடத்துல தாழ்த்தப்பட்டவங்கன்னு எப்படி எழுத?"

"எங்க ஊருக்கு வந்து பாருங்க ஐயா. சமமா இருக்கான்னு பாருங்க."

"பாத்ததெல்லாம் எழுத முடியாதும்மா. எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டா, பாப்போம்."

பாப்போம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்கு எது கிடைத்தாலும் கட்டைதான். நேராக மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனேன். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர், எங்களைக் கண்டால் எழுந்து நின்று பேசுகிறவர்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "சபையில சாதி இல்லன்னு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் வச்சிட்டு, திங்கக்கிழமை இருக்குன்னு எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

"சாமி, போன ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை அப்பத்த எனக்கு எப்பக் குடுத்திய?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார்.

"மேட்டுத்தெரு வாங்கி முடிச்ச பெறவுதான குடுத்திய? நாங்க ஏன் வடக்குப் பக்கம் தனியா உக்காருதோம்? கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவரு எதுக்கு சாமி? செத்தவங்க எந்திரிச்சு வந்து தொட்டுருவாங்கன்னா?"

அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நாக்குத் தடித்துவிட்டது. சாமியார் தாளை எடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம், சாதியால் ஆதிதிராவிடர், கோயிலில் தனியாக உட்கார வைக்கப்படுகிறார்கள், கடைசியில் நன்மை வாங்குகிறார்கள், இறந்தால் சுவருக்கு வடக்கே புதைக்கப்படுகிறார்கள். கையெழுத்துப் போட்டு, பங்கு முத்திரையைக் குத்தினார். "இத எழுத வேண்டி வந்ததுக்கு என்ன மன்னிச்சிரும்மா" என்றார்.

வழியெல்லாம் அந்தத் தாளைப் படித்தபடியே வீட்டுக்கு வந்தேன். எங்கள் அவமானத்துக்கு முதன்முதலாக ஒரு முத்திரை கிடைத்திருந்தது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்தவள் மாதிரி சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் இருவருமாகத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அம்மா தானும் வருவேன் என்று நின்றாள். காலில் புதிதாகத் துணி சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி, பஸ் நிறுத்தத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் என் தோளைப் பிடித்தபடி வந்தாள். தாசில்தார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை படித்தபோது தலையாட்டினார். என் கை அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நல்லா, வெளிப்படையா எழுதியிருக்காரு" என்றார். "முதல் வரியப் படிம்மா."

படித்தேன். "இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம்."

"ஆர்.ஐ. ரிப்போர்ட்ல சந்தேகத்துக்கு இடமிருக்குன்னுதான் எழுதியிருந்தாரு. உன் ஸ்கூல் சர்டிபிகேட்ல இந்துன்னு இருக்கு. அன்னைக்கு நீ பேசுனது எதுவும் எழுத்துல இல்ல, சந்தேகத்தோட பலனை உனக்கே குடுத்துரலாமான்னுகூட யோசிச்சேன். இப்ப நீயே முத்திரையோட கொண்டாந்து குடுத்துட்ட. இதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த ஆர்.ஐ. மெழுகுதிரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எங்களுக்காக ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை இழுத்துச் சாத்தியவள் நான். நாங்கள் எப்படி ஒதுக்கப்படுகிறோம் என்று நிரூபித்தேன். நிரூபித்ததனாலேயே ஒதுக்கப்பட்டவள் இல்லை என்று ஆகிவிட்டேன்.

"ஐயா, வடக்கே பொதைக்காங்கன்னு எழுதியிருக்கே, அது?" என்றேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரக் குரலாகக் கேட்டது.

"அது உங்க கோயில் விவகாரம். சட்டப்படி உங்க மதத்துல சாதி இல்லம்மா."

நாங்கள் பேசியதில் அம்மாவுக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. காரியம் கெட்டுவிட்டது என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். என் கையை விட்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து உத்தரியத்தை வெளியே எடுத்தாள். கயிற்றில் கோத்த இரண்டு சின்னத் துணித்துண்டுகள், மாதா உருவம் தைத்தது. சின்னப் பெண்ணாக முதல் நன்மை வாங்கிய நாளில் கழுத்தில் போட்டது. கயிறு இற்றால் மாற்றுவாளே தவிர, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அது கழுத்தில் கிடக்கச் செத்தால் நரகம் கிடையாது என்று முழுசாக நம்பியவள். வேர்வையும் உப்பும் ஏறிக் கறுத்துப்போயிருந்த அதைத் தலைவழியாகக் கழற்றி, மேசையில் இருந்த ஃபைலின் மேல் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்கய்யா. அந்தக் காயிதத்த இவளுக்குக் குடுங்க. நான் இனிமே கோயிலுக்குப் போகல. திரியும் கொளுத்தல. எங்க வேணும்னாலும் கைநாட்டு வைக்கேன்" என்றாள்.

தாசில்தார் சட்டென்று இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. பக்கத்தில் கிடந்த ரூல் தடியை எடுத்தார். அதன் நுனியால் உத்தரியத்தை ஃபைலிலிருந்து தள்ளினார். அது மேசை ஓரத்துக்கு வந்து நின்றது. இன்னொரு தள்ளு தள்ளினார். தரையில் விழுந்தது.

"எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார்.

அம்மா குனிந்தாள். நான் குனியவில்லை.

"ஐயா, இப்ப தடியால தள்ளுனீங்களே, அத எழுதிக் குடுங்க. ஏன் கையால எடுக்கலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எனக்கு வேற எந்தச் சான்றிதழும் வேண்டாம்" என்றேன்.

அவர் தன் கையில் இருந்த தடியைப் பார்த்தார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். தாசில்தார் தடியைக் கீழே வைத்துவிட்டு மணியை அடித்து, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டி வந்து நின்றாள். உத்தரியத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். கழுத்தில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ திருடிய பொருளை வைத்திருப்பவள் போல என் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டுக்கிடட்டுமாளா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.

போட்டுக்கோம்மா என்று சொல்லி, நானே வாங்கி அவள் கழுத்தில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் அவள் இடத்தில் நான் அளத்துக்குப் போனேன்.